இரண்டாவது கௌண்டர் ஏன் சேர்வரைக் காணவில்லை?

எமது வியாபாரிகள் பலர் இன்று கணனியில் பில் போடுகின்றனர். நல்ல மாற்றம்தான். ஆனால் பிரதான கணனியில் ஒழுங்காக வேலை செய்யும் மென்பொருள், இரண்டாவது கௌண்டரில் 'சேர்வரைக் காணவில்லை, பிழை 26' என்று நின்றுவிட்டால், பெருநாள் வியாபாரத்திலும் கணனி திருத்துபவர் வரும்வரை கைகட்டி நிற்கிறோம். முதலாளிமார் இதன் அடிப்படையையாவது அறிந்திருக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

சிறு கடைகளுக்கான மென்பொருட்கள் பல, மைக்ரோசொப்டின் இலவச எஸ்.கியூ.எல். சேர்வர் எக்ஸ்பிரஸிலேயே கணக்குகளைச் சேமிக்கின்றன. ஒரு கணனியில் இத்தகைய சேர்வர்கள் பல இருக்கலாம். எனவே ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. ஒரே கட்டடத்தில் பல கடைகள் இருப்பது போலத்தான். கட்டடத்தின் பெயர் மட்டும் போதாது. கடையின் பெயரும் வேண்டும். எந்தக் கதவு என்றும் தெரிய வேண்டும். பெயரில்லாத சேர்வருக்கு வழமையான கதவு 1433 ஆகும். பெயருள்ளதற்கோ கதவு இலக்கம் நிலையானதல்ல. அதைக் கேட்போருக்குச் சொல்வது, யூ.டி.பி. 1434இல் காத்திருக்கும் 'பிரவுசர்' என்ற சேவை. அது நின்றிருந்தால், அல்லது பயர்வோல் மறித்தால், பிழை 26 வரும்.

ஆகவே ஒழுங்காகப் பாருங்கள். இரு கணனிகளும் ஒரே வலையமைப்பில் உள்ளனவா? கணனியின் பெயரும் சேர்வரின் பெயரும் எழுத்துப் பிசகாமல் உள்ளனவா? சேர்வரும் பிரவுசர் சேவையும் ஓடுகின்றனவா? எக்ஸ்பிரஸில் டீ.சி.பி. இணைப்பு ஆரம்பத்தில் மூடியே இருக்கும். அதைத் திறந்து சேர்வரை மீள இயக்கினார்களா? பயர்வோலில் அனுமதி உண்டா?

சிலர் பயர்வோலை முற்றாக அணைத்துவிட்டு, "சரி முதலாளி" என்று கூலி வாங்கிச் செல்கின்றனர். இது கடைக்கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். 2003 ஜனவரியில் 'ஸ்லாமர்' என்ற புழு இதே 1434 வழியாகத்தான் சில நிமிடங்களில் உலகெங்கும் பல்லாயிரம் கணனிகளைத் தாக்கியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களே பாதிக்கப்பட்டனர்.

சிறந்த வழி, சேர்வருக்கு ஒரு நிலையான கதவு இலக்கத்தைக் கொடுத்து, கடைக்குள் உள்ள கணனிகளுக்கு மட்டும் அதைத் திறந்துவிடுவதாகும். கௌண்டர் கணனிகளில் அந்த இலக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பிரவுசர் சேவையே தேவைப்படாது. மென்பொருள் விற்பவரிடம் இதைக் கேளுங்கள். கணனியின் பெயர், சேர்வரின் பெயர், கதவு இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கடவுச்சொல்லையும் பெற்றுத் தனியே பூட்டி வையுங்கள். மீதிப் பணத்தை அதன் பின்னரே கொடுங்கள்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் எமக்குப் பணிக்கிறது. இன்று பிறருடைய கடனும் எமது ஸக்காத் கணக்கும் அந்த சேர்வருக்குள்தான் இருக்கின்றன. அந்த அமானிதத்தின் திறப்பு இன்னொருவரின் சட்டைப்பையில் மட்டும் இருப்பது முறையல்ல.