நன்னன் மலைக்கு வழி சொல்லுங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் காஞ்சியில் எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழிகளில் ஈரம் ஊறும். தெருவில் பாவு நீட்ட வெயில் இருக்காது. முப்பது வருஷமாகத் தறியில் உட்காரும் எனக்குச் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் ஓய்வு கிடைப்பது அந்த அடைமழையில்தான். ஜவ்வாது மலைக்குச் சைக்கிளில் போக அதைவிட மோசமான நாள் கிடையாது. ஓடை பெருகும், மண்பாதை சேறாகும். மாசி பிறந்தாலோ சருகு காய்ந்து தீப்பிடிக்கும் காலம். நடுவில் தோதானது தைதான். வரும் பொங்கல் முடிந்ததும் கிளம்புவதென்று நானும் என் மச்சானும் பேசி வைத்திருக்கிறோம்.

போகும் வழி செய்யாறு. ஊரைச் சொல்லவில்லை, ஆற்றைச் சொல்கிறேன். ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம், கலசப்பாக்கம் பக்கமாக இறங்கி, செய்யாறு நகரைத் தொட்டு, எங்கள் மாவட்டத்துத் திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. அந்தக் கூடுமிடத்துப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி, கரையோர வண்டிப்பாதைகளைப் பிடித்து மேலே போவது, செங்கம் அருகே குப்பநத்தம் அணையைப் பார்த்துவிட்டு மலையேறி ஜமுனாமரத்தூரில் தங்குவது, போளூர், ஆரணி வழியாகத் திரும்புவது. ஐந்து நாள். (திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையையும் அங்கே வைத்திருந்த மருந்துகளையும் பட்டியலிடுகிறது. மிதிக்கட்டை மிதித்துத் தேய்ந்த என் முட்டிக்கு அதில் ஏதாவது உண்டா என்று ஒருமுறை விசாரிக்க வேண்டும்.)

சைக்கிள், பழைய கியர் வண்டி, தெரிந்தவரிடம் வாங்கியது. பைகளைத் தார்ப்பாயில் நானே தைத்துக்கொண்டேன். இந்த மாதிரிப் பயணத்தில் சுமையைக் கிராம் கணக்கில் குறைக்க வேண்டும் என்கிறார்கள். அது எங்களுக்குப் புதிதா? பாவும் ஊடையும் எடைபோட்டுத்தான் கைக்கு வரும், நெய்த புடவையும் எடைபோட்டுத்தான் திரும்பும். சாப்பாட்டுக்கு முதல் இரண்டு நாள் கோயில் இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து வேகவைப்பது, சீக்கிரம் கெடாது. “அந்த மலையில சட்னிக்கு எங்க போவீங்க?” என்கிறாள் என் மனைவி. நியாயமான கேள்விதான்.

இவ்வளவும் என் கையில் இருக்கிறது. என் கையில் இல்லாதது வழி.

பத்துப்பாட்டில் காஞ்சிக்கு வழி சொல்ல ஒரு பாட்டு உண்டு, பெரும்பாணாற்றுப்படை. இளந்திரையனைத் தேடி இங்கே வருகிற பாணனுக்கானது அது. இங்கிருந்து கிளம்பும் எனக்கு வேண்டியது மலைபடுகடாம். செங்கத்து நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்குப் பெருங்கௌசிகனார் 583 அடியில் வழி சொல்கிறார். அதில் வரும் சேயாறுதான் நான் போகப்போகும் ஆறு. பன்றிக்குப் பொறி வைத்திருக்கும் இடம், தினைப்புனக் காவலர் கவண்கல் பறந்துவரும் இடம், பாசி வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது, இருட்டிவிட்டால் எங்கே ஒதுங்குவது, யார் குடியிருப்பில் என்ன சோறு கிடைக்கும் என்று ஒன்று விடாமல் சொல்கிறார். ஆபத்தை மறைக்கவும் இல்லை, ஆபத்தைக் காட்டி ஆளைத் திருப்பி அனுப்பவும் இல்லை.

இன்று மலைக்கு வழி கேட்டால் என்ன கிடைக்கிறது? போன வருஷம் வேறொரு மலையடிவாரச் சாவடியில் என்னை நிறுத்தினார்கள். “சைக்கிளா? சைக்கிளுக்கு என்ன ரூல்னு எனக்கே தெரியலண்ணே. எதுக்கு வம்பு, திரும்பிடுங்க” என்றார் காவலுக்கு இருந்த தம்பி. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20 பேருக்கு மேல் செத்ததை நினைத்தால் கண்டிப்பே வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழாது. ஜவ்வாதோ சந்தன மரத்துக்குப் பேர்போன மலை; முன்பின் தெரியாதவன் பையும் கையுமாகத் திரிந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. நல்ல காரியம். ஆனால் அவை நடப்பவருக்கு. மிதிப்பவனுக்கு இன்னும் ஒரு பதிலும் இல்லை.

ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்பவர் மேட்டுநிலங்களில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை தந்திருக்கிறது. அவ்வளவு நான் கேட்கமாட்டேன். அங்கே கரடி இல்லை, சந்தனக் கடத்தலும் இல்லை.

நான் கேட்பது ஒரு பக்கத் தாள். எந்த மண்பாதை ஊராட்சியுடையது, காப்புக்காடு எங்கே தொடங்குகிறது, எந்த மாதங்களில் எந்தப் பாதை மூடியிருக்கும், தண்ணீர் எங்கே, இரவு எங்கே தங்கலாம், வழித்துணைக்கு எந்த ஊர் மலையாளிப் பழங்குடியினரைக் கேட்பது, அவர்களுக்கு என்ன கூலி. காசு கொடுத்தால் சாமைச் சோறு போடும் வீடு இருந்தால் அதையும் எழுதலாம். மலைக்காரருக்கும் நாலு காசு நிற்கும். காட்டைத் தெரிந்து வைத்திருக்கும் வனத்துறையைவிட இதை எழுதத் தகுந்தவர் யார்?

அந்தத் தாளை அச்சடித்துப் போளூர், செங்கம், ஆலங்காயம் பேருந்து நிலையங்களில் ஒட்டுங்கள். தைக்குள் வராவிட்டால் ஜமுனாமரத்தூர் தார்ச்சாலையை விட்டு இறங்குவதில்லை என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்.