அசதி என்று சொல்லி ஏமாற்றாதீர்கள்

தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் கால் விறைப்பும் உளைச்சலும் மலையேறிய அசதிதானாம். தைலம் தேய்த்துப் படுத்தால் விடியும்போது தீர்ந்துவிடுமாம். நம் பாட்டிமார் இதே நமுனுகுல மலையில் கூடை சுமக்கவில்லையா என்று வேறு கேட்டிருக்கிறார் ஒருவர். அடுத்தவர் உடம்பை இவ்வளவு அலட்சியமாகப் பேச எப்படி மனம் வந்தது?

மலையேறினால் கால் வலிக்கும், ஓய்ந்தால் ஆறும். படுத்த பிறகு கூடுகிற எரிச்சலும், செருப்பு கழன்றதே தெரியாத பாதமும் அசதியால் வருவதில்லை. அது நரம்பின் முறைப்பாடு. சீனி வருத்தம் நரம்பைக் கெடுக்கத் தொடங்குவது பெரும்பாலும் கால்விரல்களில். அதற்கு வருடக்கணக்கில் விழுங்கும் மெட்ஃபோர்மின் குளிசை பி12 விட்டமினைக் குறைக்கக்கூடும். அந்தக் குறைவும் இதே விறைப்பைத் தரும். முட்டையும் மீனும் அரிதான லயத்துச் சாப்பாட்டில் பி12 எங்கிருந்து வரும்? ரொட்டியோடு கடும் சாயத்தண்ணி குடித்தால், ரொட்டியிலுள்ள கொஞ்ச இரும்புச்சத்தும் உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச்சத்து குறைந்தால் ராத்திரியில் கால் ஓரிடத்தில் கிடக்க மாட்டேன் என்று அலைக்கழிப்பதுண்டு. முதுகெலும்பில் நரம்பு நசுங்கினால் ஒரு கால் மட்டும் மரக்கவும் கூடும். இவற்றில் எதைத் தைலம் தீர்க்கும்?

பாட்டிமார் காலத்துக்கே வருகிறேன். 1977-78இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருபது அளவிலான தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கைகால் விழுந்தது. வயசுக்கு வந்ததும் பலம் சேரட்டும் என்று வீட்டார் அன்போடு கொடுத்த நல்லெண்ணெயைக் குடித்த பிள்ளைகள். மருத்துவர்கள் சேனநாயக்கவும் ஜெயரத்னமும் காரணத்தைத் தேடிப்போனபோது, அந்த எண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேட் என்ற நரம்பு நஞ்சு கலந்திருந்தது தெரியவந்தது. 1981இல் லான்செட் மருத்துவ இதழில் அதை எழுதினார்கள். பெரியபிள்ளையான சோர்வு என்று அன்று விட்டிருந்தால் அந்த நஞ்சு இன்னும் எத்தனை பிள்ளைகளை முடக்கியிருக்கும்?

பாட்டிமார் வாய் திறக்காததைக் கால் நன்றாக இருந்ததற்குச் சாட்சியாக்குவது அநியாயம். அவர்களின் சீனியை, இரத்தத்தை யார் சோதித்தார்கள்? கால் முடியவில்லை என்று பாதியில் இறங்கினால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேரே இல்லை. அசதி என்ற தீர்ப்பு இத்தனை காலம் செல்லுபடியானதற்குக் காரணம் அதுதான். அந்தத் தீர்ப்பால் தோட்டத்துக்கு ஒரு நாள் கொழுந்துகூடக் குறைவதில்லை. இழப்பெல்லாம் அந்தப் பெண்ணுக்கு.

அக்காமாரே, தங்கச்சிமாரே, டிஸ்பென்சரியில் பனடோல் மட்டும் தந்தால் எழுந்து வராதீர்கள். சீனியும் இரத்தமும் சோதிக்கக் கேளுங்கள். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விறைப்பு பாதத்திலிருந்து மளமளவென்று மேலே ஏறினாலோ, கால் திடீரென்று வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ பெரட்டுக்குப் போக வேண்டாம். அன்றைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.