டாக்டருக்கு யார் ஓய்வு கொடுப்பது? தூக்கம் இல்லாமல் தவிக்கும் இளம் டாக்டர்கள்

அரசு ஆஸ்பத்திரி அவசர சிகிச்சை பிரிவில் ராத்திரி 2 மணிக்கு கண் சிவந்து நிற்கும் இளம் டாக்டரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "என்ன இந்த டாக்டரு, முகத்த பாத்துகூட பேச மாட்டேங்கிறாரு" என்று நோயாளியுடன் வந்தவர்கள் முணுமுணுப்பதும் வழக்கம்தான். அவர் முதல் நாள் காலையில் டியூட்டிக்கு வந்தவராக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகளில் ராத்திரி வார்டை பெரும்பாலும் கவனிப்பது எம்.டி., எம்.எஸ். படிக்கும் முதுநிலை மாணவர்கள். எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்கள்தான் இவர்கள்.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024-ம் ஆண்டு அறிக்கை கொடுத்தது. இதற்காக நாடு முழுவதும் 5 ஆயிரத்து 337 முதுநிலை மாணவர்கள் பதில் அளித்தனர். அவர்களில் 45 சதவீதம் பேர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வார விடுமுறை ஒழுங்காக கிடைப்பதில்லை. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்ததாக சொன்னவர்கள் மட்டும் 31 சதவீதம்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் கொல்கத்தாவில் ஒரு பயிற்சி பெண் டாக்டர், நீண்ட டியூட்டிக்கு நடுவே கருத்தரங்கு அறையில் கண் அயர்ந்தபோது கொடூரமாக கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. படுத்து எழுந்திருக்க ஒரு பாதுகாப்பான அறைகூட இல்லை என்பது அப்போதுதான் வெளியே பலருக்கும் தெரிந்தது.

குடித்தவர் மாதிரி...

24 மணி நேரம் தூங்காதவரின் கவனம், ரத்தத்தில் 0.10 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு தடுமாறும் என்று 1997-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு சொல்கிறது. நம்மூரில் 0.03 சதவீதத்தை தாண்டினாலே டிரைவர் மீது வழக்கு! பஸ் டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. ஊசி போடுற கைக்கு, தையல் போடுற கைக்கு?

அதற்கும் உத்தரவு இல்லாமல் இல்லை. வாரம் 48 மணி நேரம், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் டியூட்டி கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே சொன்னது. 2023-ல் வந்த விதியிலோ 'நியாயமான நேரம்' என்று மட்டும்தான் இருக்கிறது. எத்தனை மணி நேரம் நியாயம்? அதை எழுதவில்லை. 2024-ம் ஆண்டு குழு வாரம் 74 மணி நேரம் போதும், தினமும் 7 முதல் 8 மணி நேரம் தூங்க விடுங்கள் என்று பரிந்துரைத்தது. 48 எங்கே, 74 எங்கே!

யோகா செய்யுங்கள், தியானம் செய்யுங்கள் என்று டாக்டர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் சாப்பிடவே நேரம் இல்லாதவர் யோகாவுக்கு எங்கே போவார்?

வேலை நேரத்தை குறைத்தால் அந்த நேரத்துக்கு வேறு டாக்டர் வேண்டும். கூடுதல் ஆள் போடாமல் நேரத்தை மட்டும் குறைத்தால் ஓ.பி. வரிசை இன்னும் நீளும். அந்த கோபத்தையும் நாம் காட்டப்போவது டியூட்டியில் நிற்கும் அதே டாக்டரிடம்தான்.