பெட்டியில் பூ வரையுமுன்

ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல். இந்த மூன்று லீவுக்கும் முந்தின சாயங்காலம் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பஸ் நிறுத்தங்களில் ஆட்களைவிடப் பெட்டிகள் அதிகமாகத் தெரியும். எல்லாம் கருப்பு, கருநீலம், சாம்பல். டிக்கியில் அடுக்கிவிட்டால் திண்டிவனத்தில் இறங்குகிறவளுடையது எது, திருச்சியில் இறங்குகிறவளுடையது எது என்று கண்டக்டருக்கும் தெரியாது, சில சமயம் பெட்டிக்குச் சொந்தக்காரிக்கே தெரியாது. அதனால்தான் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன், பழைய துப்பட்டாவின் கிழிசல், மூலையில் நெயில் பாலிஷில் இரண்டு எழுத்து.

இதே வட்டாரத்து வல்லம் வடகாலில், ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்காக சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 18,720 பேர் தங்கலாம், அறைக்கு ஆறு பேர். ஆறு கட்டில் உள்ள அறையில் பீரோவும் பூஜை அலமாரியும் லாக்கரும் அந்தப் பெட்டிதான். பட்டாளத்துக்குப் போனவர்கள் கருப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டால் பெயரும் நம்பரும் எழுதி வைப்பது அழகுக்காக அல்ல. விடுதிப் பெட்டியிலும் அதே கதைதான். எனவே சூட்கேஸுக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

பிரச்சினை, அடித்த பெயிண்ட் நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வரைந்த மயில் அடுத்த பயணத்தில் தோகையை டிக்கியிலேயே விட்டுவிட்டு வருகிறது. குறை பிரஷ்ஷிலும் இல்லை, பெயிண்ட்டிலும் இல்லை. விலை குறைந்த கடினப் பெட்டிகளில் பல பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதன் மேல் பெயிண்ட், சேம்பிலையில் விழுந்த தண்ணீர்தான்; உருளுமே தவிர ஒட்டாது.

இதை நன்றாக அறிந்தவர்கள் இதே பகுதிக் கார் ஆலைகளில் ஷிஃப்ட் பார்க்கிறார்கள். காரின் முன் பம்பரும் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகைதான். அதனால் பம்பரை நேராகப் பெயிண்டுக்கு அனுப்ப மாட்டார்கள். மேல்பரப்பைத் தீச்சுடரால் ஒரு கணம் வருடி எடுப்பார்கள், அல்லது அதற்கென்றே உள்ள பிரைமரை அடிப்பார்கள். இரும்பு பாடிக்கும் இப்படித்தான்: எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, பாஸ்பேட் பூசி, மின்சாரம் பாயும் தொட்டியில் முக்கி எடுத்து, அதன் பிறகுதான் பிரைமர், கலர், மேலே கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரகடத்தில் பெயிண்ட் ஷாப்பில் இருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி இதை ஒரே வரியில் முடித்துவிட்டான்: “கலர் கடைசி வேலைண்ணே.”

ஆகவே முதலில் பெட்டி எந்த ஜாதி பிளாஸ்டிக் என்று பாருங்கள். விலைச்சீட்டிலோ உள்பக்கத்து லேபிளிலோ பாலிப்ரொப்பிலீன், பாலிகார்பனேட், ஏபிஎஸ் என்று ஏதாவது ஒன்று அச்சிட்டிருக்கும். எதுவானாலும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, மெல்லிய உப்புத்தாளால் மினுமினுப்பு மங்கும் வரை தேய்க்க வேண்டும். பாலிப்ரொப்பிலீன் என்றால், வண்டிப் பெயிண்ட் கடையில் பம்பருக்கென்று விற்கும் பிளாஸ்டிக் பிரைமர் கட்டாயம். பாலிகார்பனேட் என்றால் தின்னரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். மயிரிழை விரிசல் விட்டு, ஒருநாள் கைப்பிடி ஓரத்தில் பிளந்துகொள்ளும். அதற்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கலர் போதும். வீட்டில் பழைய தகரப் பெட்டி இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. துருவைத் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை அடித்தால் பேரன் காலம் வரை வரும்.

ஜிப், பூட்டு, சக்கரம் மூன்றுக்கும் மாஸ்கிங் டேப். ஸ்ப்ரே கேனை ஆறு பேர் படுக்கும் அறையில் திறக்காதீர்கள். மொட்டை மாடி இருக்கிறது. ஐப்பசி மழையில் அடித்தால் கிளியர் கோட் பால்போல வெளுத்துவிடும், வெயில் நாளாகப் பாருங்கள். ஒரே தடவையில் அப்பாமல் மெலிதாக மூன்று தடவை. ஒட்டியதா என்று பார்க்கவும் பெயிண்ட் ஷாப்பில் வழி இருக்கிறது: மறைவான மூலையில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சரக்கென்று இழுங்கள். டேப்போடு கட்டங்கள் வந்துவிட்டால் மறுபடி உப்புத்தாளிலிருந்து.

தயாரிப்பில் ஃபேக்டரியின் கண்டிப்பு வேண்டும். கோடு போடும்போது அந்தக் கண்டிப்பு வேண்டாம். இதே வட்டாரத்தில், ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டின் டாங்குகளில் தங்கக் கோடு இழுத்துப் பெயர் வாங்கியவர்கள் ஜெயகுமார், கிஷோர் குமார் என்ற சகோதரர்கள். சுற்றிலும் மெஷின்கள் ஓடும் ஆலையில் அந்தக் கோடு மட்டும் பிரஷ்ஷும் மணிக்கட்டும் போட்டது. ஒரு டாங்கின் கோடு இன்னொன்றில் அச்சாக அப்படியே இருக்காது. வண்டி வாங்குகிறவர்கள் அதற்காகவே அதைக் கொண்டாடுகிறார்கள். ஆகவே உங்கள் கோலத்தில் ஒரு இழை நெளிந்தால் அழித்துவிட வேண்டாம். பத்துப் பெட்டிக்கு நடுவில் அந்த நெளிசல்தான் கூப்பிடும். கடையில் கிடைக்கும் ஸ்டென்சிலை வைத்து எல்லோரும் ஒரே பட்டாம்பூச்சியை அடித்தால், கருநீலப் பெட்டிகளுக்குப் பதில் பட்டாம்பூச்சிப் பெட்டிகளில் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எங்கே வரைவது என்பதிலும் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முகப்பில் எவ்வளவு அழகாக வரைந்தாலும் டிக்கியில் அதன்மேல் இன்னொரு பெட்டி படுத்திருக்கும். வெளியே தெரிவது பக்கவாட்டும் சக்கரம் உள்ள அடிப்பக்கமும்தான். முகப்பில் ஆசைக்கு என்ன வேண்டுமானாலும் வரையுங்கள். பக்கங்களில் தூரத்திலிருந்தே தெரிகிற ஒரே நிறத்தில் ஒரு பட்டை, ஒரு குறி போதும்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்று. முழுப் பெயரையும் போன் நம்பரையும் வெளியே எழுத வேண்டாம். ராத்திரி பஸ்ஸில் பெட்டி உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. பெயர், நம்பர் எல்லாம் மூடியின் உள்பக்கம். வெளியே உங்களுக்கு மட்டும் அர்த்தமாகிற குறி, அது ஊர்க் கோயில் கோபுரமானாலும் சரி, பிடித்த நடிகரின் மூக்குக் கண்ணாடியானாலும் சரி.