பழுதுக்கு ராசி காரணமா?



வண்டி ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால் நம் ஊரில் இரண்டு வகையான பேச்சு எழும். "என்ன ஆச்சு, பார்ப்போம்" என்பது ஒன்று. "யார் முகத்தில் விழித்தோமோ!" என்பது மற்றொன்று. இரண்டாவது பேச்சு வெறும் வேடிக்கைப் பேச்சு, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். கெடுதல் உண்டு என்பதே என் கருத்து. அதற்கு ஒரு சனி, ஞாயிறில் நான் நேரில் கண்டதையே சான்றாகச் சொல்கிறேன்.

சிதம்பரத்தில் உள்ள நண்பர் ஒருவர் பழைய அம்பாசிடர் கார் ஒன்றைச் சீர்செய்து வருகிறார். அந்தக் காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டதால், பாகங்களைப் பழைய வண்டிகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். கடலூர் முதுநகரில் எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு, கதவுகள் எல்லாம் கிடைத்தன. அவற்றை ஒரு 'குட்டி யானை'யில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை பிற்பகல் புறப்பட்டோம். ஓட்டுநர், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், நான். செல்ல வேண்டிய தூரம் சுமார் 45 கிலோமீட்டர்தான். போய்ச் சேர்ந்ததோ ஞாயிறு நண்பகலில்!

ஆலப்பாக்கத்தை நெருங்கும்போது பின் டயர் வெடித்தது. புதுச்சத்திரம் அருகே ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. இரவு அங்கேயே தங்கினோம். காலையில் சாவியைத் திருகினால் 'டக்' என்ற ஒலி மட்டும் வந்தது, எஞ்சின் கிளம்பவில்லை.

இரண்டாவது பழுதின்போதே வண்டி உரிமையாளர் தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "புதுப் பையன் ஏறின நேரம் சரியில்லை. அவனைப் பஸ் ஏற்றி அனுப்பு." அரை நாள் கூலியோடு பையன் ஊர் திரும்பினான். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள்.

இனி, மூன்று பழுதுகளையும் பௌதிகக் கண்ணால் பார்ப்போமா?

முதலில் டயர். கதவுகளும் இருக்கைகளும் முன்பகுதியை அடைத்துக்கொண்டதால், கனமான பாகங்களைப் பின் விளிம்பில் ஏற்றியிருந்தார்கள். பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர். பின் சக்கரங்கள்மீது கூடுதலாக ஏறும் எடை எவ்வளவு? 300 என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். முன் அச்சை மையமாகக் கொண்டு திருப்புத்திறனைக் கணக்கிடுங்கள். 300ஐ 2.5ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 375 கிலோ! மிகுதியான 75 கிலோ எங்கிருந்து வந்தது? முன் சக்கரங்களிலிருந்து. பின் அச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளி போலாகி, முன்பக்கத்தைத் தூக்குகிறது. "இன்றைக்கு ஸ்டீயரிங் லேசா இருக்கு" என்று ஓட்டுநர் கிளம்பும்போதே மகிழ்ச்சியாகச் சொன்னார். வண்டி தந்த முதல் எச்சரிக்கை அதுதான். முன் சக்கரங்கள் சாலையை அழுத்தினால்தான் அவை திரும்பும், பிரேக்கும் பிடிக்கும்.

பின் டயரில் காற்றும் குறைவாக இருந்தது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள், சுடும். டயரும் அப்படித்தான் சூடேறி, வலுவிழந்து வெடித்தது.

இரண்டாவது, ரேடியேட்டர். மிகுந்த சுமையை இழுக்க எஞ்சின் மிகுந்த எரிபொருளை எரிக்கிறது, வெப்பமும் மிகுகிறது. ஆனாலும் நீர் அவ்வளவு எளிதில் கொதிக்காதிருக்க ஓர் ஏற்பாடு உண்டு. நம் வீட்டுக் குக்கரைப் போலவே, ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, நீரின் கொதிநிலையை 100 டிகிரி செல்சியசுக்கு மேலே உயர்த்துகிறது. அங்கு வந்த மெக்கானிக் உடனே மூடியைத் திறக்கவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டு, சாக்குத் துணியைப் போட்டுத் திறந்தார். சூடாக இருக்கும்போது திறந்தால் அழுத்தம் சட்டென்று குறையும். நீர் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் பீய்ச்சும். இதை எப்போதும் நினைவில் வையுங்கள். மூடியின் அடியிலிருந்த ரப்பர் வளையம் கிழிந்திருந்ததை அவர் காட்டினார். மூடி அழுத்தத்தைத் தாங்காதபோது, கொதிநிலை கீழே இறங்கிவிடாதா?

மூன்றாவது, பேட்டரி. விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. ஸ்டார்ட்டர் மட்டும் சுழலவில்லை. பேட்டரியின் முனையில் வெண்பச்சைப் பொடி பூத்திருந்தது. அமில ஆவியும் கடலோரத்து உப்புக் காற்றும் சேர்ந்து செய்த வேலை அது. அந்தப் பொடியால் 0.02 ஓம் தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். விளக்குக்கு 5 ஆம்பியர் போதும். தடையில் இழப்பு 0.1 வோல்ட்தான். ஸ்டார்ட்டருக்கோ 150 ஆம்பியர் அளவில் வேண்டும். அப்போது 3 வோல்ட் அங்கேயே வீணாகிறது. 12 வோல்ட் பேட்டரியில் இது சிறிய இழப்பா? வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து முனையைக் கழுவி, துடைத்து, இறுக்கினார்கள். எஞ்சின் கிளம்பியது. வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்து சிதம்பரம் சேர்ந்தோம்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாவது பழுது வந்தபோது பையன் வண்டியில் இல்லை. ஒரு காரணத்தை நீக்கிய பிறகும் விளைவு நிகழ்ந்தால், அது காரணமில்லை என்று ஆய்வுக்கூடத்தில் கற்கிறோமே, அந்தச் சோதனையை உரிமையாளரே செய்து காட்டிவிட்டார்! ஆனால் முடிவை அவர் படிக்கவில்லை. பையனை மீண்டும் வேலைக்கு அழைக்கவுமில்லை.

"இரண்டு நாளில் மூன்று பழுது தற்செயலாக வருமா?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. தற்செயல் இல்லைதான். 'பட்ட காலிலே படும்' என்பார்கள். அடிபட்ட கால் தடுமாறுவதால்தான் மீண்டும் அடிபடுகிறது. அதிகச் சுமையை ஏற்றுவது, பராமரிப்பைத் தள்ளிப்போடுவது என்ற பழக்கங்கள் இருந்தால் பழுதுகள் கூட்டமாகத்தான் வரும்.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியில் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி நீக்கினார். பிரேக் தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரிடம் தோல் பொருத்திக்கொண்டார். மேட்டில் வண்டி ஏறாதபோது பிள்ளைகள் தள்ளினார்கள். அந்த அனுபவத்தால், மேடேற உதவும் கூடுதல் கியர் ஒன்று பின்னர் வண்டியில் சேர்ந்தது. பழுதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டதன் பலன் இது.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று நம் அரசியல் சட்டத்தில் 1976ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அது தேர்வுக்குரிய வரி மட்டுமல்ல. காரணத்தைத் தேடாத இடத்தில் பழி விழ ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் பெரும்பாலும் எதிர்த்துப் பேச முடியாதவராகவே இருக்கிறார்.

ஆகவே எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊர் மெக்கானிக் ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லட்டும். ரேடியேட்டர் மூடியைப் பொறுமையாகத் திறந்த அந்தக் கைகளில் நல்ல பௌதிகப் பாடம் இருக்கிறது. நீங்களோ ஒரு பழுதுக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளோ மிக்சியோ கெட்டால், என்ன நடந்தது, அதற்கு முன் என்ன மாற்றம் தெரிந்தது, எதை மாற்றியதும் சரியானது என்று எழுதுங்கள். நெம்புகோல் கணக்கில் ஐயமிருந்தால், ஓர் அளவுகோலை இரண்டு பென்சில்கள்மீது வைத்து, வெளியே நீண்ட முனையில் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பாருங்கள், மறுமுனை எழும். அடுத்த முறை யாராவது ஒருவரைக் காட்டி "இவன் ராசி" என்று சொன்னால், "டயரில் காற்று இருக்கிறதா, பார்த்தீர்களா?" என்று பணிவாகக் கேளுங்கள்.