மாநிலம் மாறலாம், தாயும் தந்தையும் மாறுவதில்லை

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே,

கணவனும் மனைவியும் பிரிவது சரியா தவறா என்பது இங்கே என் வழக்கன்று. பிரிந்த பின்னர் ஒருவர், மற்றவருக்குத் தெரிவிக்காமலேயே பிள்ளையை வேறு மாநிலத்திற்கு அழைத்துச் சென்றுவிடுகிறாரே, அதைப் பற்றியே எழுதுகிறேன். அது பிள்ளைக்கு இழைக்கப்படும் அநீதி.

"சொந்த நாட்டுக்குள்தானே போகிறேன், யாரைக் கேட்க வேண்டும்?" என்பார்கள். முஸ்லிம் அல்லாதாருக்கான 1976 ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 101 ஆம் பிரிவு, பிள்ளையை மலேசியாவுக்கு வெளியே கொண்டு செல்வதைப் பற்றித்தான் பேசுகிறது; மாநில எல்லையைப் பற்றிப் பேசவில்லை. உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் 88 ஆம் பிரிவு, பிள்ளையின் நலனே முதன்மையானது என்கிறது. 89 ஆம் பிரிவோ, பிள்ளை எங்கே வாழ வேண்டும், எவ்வாறு கல்வி பெற வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவும், உடன் வாழாத பெற்றோர் பிள்ளையைச் சந்திக்கும் உரிமையை வழங்கவும் நீதிமன்றத்திற்கு இடமளிக்கிறது. அந்த உரிமை தொலைவினால் தேய்ந்துபோனால் அது காகிதத்தில் மட்டுமே மிஞ்சும்.

ஓர் எடுத்துக்காட்டு. தந்தை கிள்ளானில் வேலை செய்கிறார். தாய் பிள்ளையுடன் சுங்கை பட்டாணிக்குக் குடிபெயர்கிறார். இடைத்தொலைவு 300 கிலோமீட்டருக்கும் மேல். சிலாங்கூரில் வார விடுமுறை சனி, ஞாயிறு. கெடாவில் வெள்ளி, சனி. இருவருக்கும் பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான்! மறுநாள் காலை பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். "வார இறுதியில் பார்க்கலாம்" என்ற ஆணையின் பொருள் என்ன ஆயிற்று?

தமிழ்க்கல்வியையும் எண்ணிப் பாருங்கள். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும் பெர்லிஸில் ஒன்று, கிளந்தானில் ஒன்றுதான். திரங்கானு, சபா, சரவாக் மாநிலங்களில் ஒன்றுகூட இல்லை. அங்கே குடிபெயரும் பிள்ளை வீட்டை இழந்த கையோடு, பாடம் படித்த மொழியையும் இழக்கிறது. இத்தகைய முடிவை ஒருவரே ஓரிரவில் எடுக்கலாமா?

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். தனித்து நிற்கும் தாய், தன் பெற்றோர் வீட்டு நிழலைத் தேடிப் போவது குற்றமன்று. வேலை அங்கே இருக்கலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி அங்கே இருக்கலாம். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பிச் செல்பவர் முகவரியைச் சொல்லிவிட்டுப் போக வேண்டுமென எவரும் கேட்க முடியாது. காவல் துறையும் நீதிமன்றமும் அவருக்குத் துணை நிற்க வேண்டும். செலவுக்கு ஒரு காசும் தராமல், "என் பிள்ளையை நகர்த்தக்கூடாது" என்று மட்டும் உரிமை பேசும் தந்தையர்க்கும் என் ஆதரவில்லை. இடம்பெயர்வதை நான் எதிர்க்கவில்லை. மறைத்துச் செய்வதையே எதிர்க்கிறேன். பிள்ளை ஒருவரின் உடைமையன்று. பிரிவினைக் கணக்கில் வெல்ல வேண்டிய பொருளுமன்று.

ஆகவே, பிரியும் பெற்றோர் செய்ய வேண்டியவை இவை:

1. இருவரும் இசைந்து கூட்டு மனு செய்யும்போதே, ஒருவர் மாநிலம் மாறினால் சந்திப்பு எவ்வாறு அமையும் என்பதை எழுத்தில் சேருங்கள். பள்ளி விடுமுறையில் யாரிடம், தீபாவளிக்கு யாரிடம், பயணச் செலவு யாருடையது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

2. கூடுமானவரை பள்ளி ஆண்டின் இடையில் மாற்றாதீர்கள்.

3. கருத்துச் சொல்லும் வயதுடைய பிள்ளையைக் கேளுங்கள். அதன் விருப்பத்தையும் கருத்திற்கொள்ளச் சட்டமே சொல்கிறது.

4. நீதிமன்ற ஆணை இருந்தால் அதன் நகலைப் பள்ளியிடம் கொடுங்கள்.

ஆசிரியர்களே, நாம் நீதிபதிகள் அல்லர். எந்தப் பெற்றோரின் பக்கமும் சாயாதீர்கள். பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்காதீர்கள். புதிதாய் வந்த மாணவன் வாய் திறக்கவில்லை என்றால் அவனை மந்தம் என்று முடிவு கட்டாதீர்கள். அவன் விட்டுவந்தது பள்ளியை மட்டுமன்று.

கணவன் மனைவி என்ற உறவை நீதிமன்றம் முடித்துவைக்கலாம். தாய், தந்தை என்ற உறவை முடிக்க எந்த மாநில எல்லைக்கும் அதிகாரமில்லை. சிந்திப்போமா?