எண்ணிக்கைக்காக ஓர் ஆராய்ச்சியா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவரும் வாரத்தில் நாளிதழைப் பிரித்துப் பாருங்கள். செய்தியைவிடப் பொறியியல் கல்லூரி விளம்பரங்களே அதிகம் இருக்கும். முன்பெல்லாம் கட்டிடத்தின் படம், பேருந்து வசதி, வேலைவாய்ப்பு முகாம் என்று போடுவார்கள். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 'இத்தனை நூறு ஆய்வுக் கட்டுரைகள், இத்தனை காப்புரிமைகள்' என்று கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்கள். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று தவிக்கும் பெற்றோர் அதைப் பார்த்து மலைத்துப் போகிறார்கள்.

அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று நம்மில் யாராவது கேட்டதுண்டா?

இந்தப் போட்டி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தெரிந்து கொள்ளுங்கள். உயர்கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். திட்டத்தை மத்திய அரசு 2015ல் அறிவித்தது. முதல் பட்டியல் 2016ல் வெளிவந்தது. அதில் பொறியியல் கல்லூரிக்கு நூற்றுக்கு 30 மதிப்பெண் ஆராய்ச்சிக்காக ஒதுக்கப்பட்டது. கட்டுரைகளின் எண்ணிக்கை, பிறர் அவற்றை மேற்கோள் காட்டியது, காப்புரிமைகள் ஆகியவை கணக்கில் வரும். நோக்கம் நல்லதுதான். ஆனால் மதிப்பெண்ணை எண்ணிக்கையில் வைத்தால் என்ன நடக்கும்? எண்ணிக்கைதான் பெருகும்!

யார் இத்தனை கட்டுரைகளை எழுதுகிறார்கள்? தனியார் கல்லூரி ஆசிரியரின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. வாரம் முழுக்க வகுப்பு, செய்முறைப் பயிற்சி, விடைத்தாள் திருத்தம். போதாக்குறைக்கு, சேர்க்கைக் காலத்தில் ஊர் ஊராகப் போய் மாணவர்களைப் பிடித்து வர வேண்டும். இதற்கு நடுவில் 'ஆண்டுக்கு இத்தனை கட்டுரை' என்று நிர்வாகம் கெடு வைத்தால் அவர் என்னதான் செய்வார்? ஆசிரியர் என்று ஒருவர் கல்லூரியில் இருக்கிறாரா என்பதே கேள்விக்குறியாகிவிட்ட காலம் இது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள 224 பொறியியல் கல்லூரிகளில், ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரியில் ஒரே நேரத்தில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டவர்கள் 353 பேர் என்று 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. ஆளே இல்லாத நாற்காலியிலிருந்து ஆராய்ச்சி மட்டும் எப்படி வரும்?

பணம் கொடுத்தால் வெளியிடும் பத்திரிகைகள் இந்தச் சந்தையில் புகுந்தன. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு, தான் அங்கீகரித்து வைத்திருந்த பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை ஒரே மூச்சில் நீக்கியது. அங்கீகரித்ததும் அவர்கள்தான், நீக்கியதும் அவர்கள்தான்! இது நம் நாட்டுக் கோளாறு மட்டுமல்ல. உலகப் புகழ்பெற்ற வைலி நிறுவனம், தான் விலைக்கு வாங்கிய ஹிந்தாவி பதிப்பகத்தின் கட்டுரைகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 2023ல் மட்டும் திரும்பப் பெற்றது. 2025 தரவரிசையில்தான், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறையை என்.ஐ.ஆர்.எஃப். கொண்டு வந்தது. அதற்குள் முதல் பட்டியல் வந்து ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

காப்புரிமைக் கதை இன்னும் வேடிக்கையானது. நம் நாட்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தால், அது 18 மாதங்களில் அரசின் இதழில் வெளியிடப்படும். கூடுதல் கட்டணம் செலுத்தினால் இன்னும் விரைவாகவே வெளியாகும். வெளியானது என்றால், இன்னார் இப்படி ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார் என்று ஊருக்கு அறிவித்தார்கள், அவ்வளவுதான். அதில் புதுமை உண்டா என்று எந்த அதிகாரியும் அதுவரை முடிவு செய்திருக்க மாட்டார். பிறகு பரிசோதனை கோரி, ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்லி, தகுதி இருந்தால்தான் 20 ஆண்டு உரிமை வழங்கப்படும். 2021ல் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணத்தை அரசு 80 சதவீதம் குறைத்தது. அதன் பிறகு விண்ணப்பம் போடுவது எளிதாகிவிட்டது. விளம்பரத்தில் 'காப்புரிமைகள்' என்று இருப்பதில் எத்தனை வழங்கப்பட்டவை, எத்தனை வெறும் விண்ணப்பம் என்று பிரித்துக் காட்டும் கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதனால் நமக்கென்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? பாலாற்றங்கரைக்கு வாருங்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பும், பதனிடும்போது தோல் உறிஞ்சாமல் விடும் குரோமியமும் கழிவுநீரில் கலந்து, நிலத்தையும் கிணற்றையும் பாழாக்கின. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு அளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. ஆனால் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த பின் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது? அது மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் குவிந்தது. இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு, சுமார் இரண்டு லட்சம் டன், கால் நூற்றாண்டுக்கும் மேலாக அங்கேயே கிடந்தது. தோல் ஷாப்பில் பயன்படும் குரோமியத்தைவிட நச்சு மிகுந்த வகை அதில் உண்டு. நீரில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கா பஞ்சம்? வேதிப் பொறியியல், கட்டடவியல், சூழலியல் என்று எத்தனை துறைகளுக்கு அங்கே வேலை இருக்கிறது! ஆய்வே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. கிணற்று நீரை எடுத்து அளந்து கட்டுரை எழுதியவர்கள் பலர் உண்டு. கிணற்றுக்காரருக்கு அதனால் என்ன கிடைத்தது?

முடியாத காரியமல்ல இது. 1948ல் சென்னை அடையாறில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், குரோம் பதனிடும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காத முறையைக் கண்டுபிடித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டு சேர்த்தது. அதன் ஆய்வாளர்கள் தோல் ஷாப்பின் வாசற்படி ஏறியவர்கள். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951ல் தொடங்கப்பட்டபோது, மோட்டாரும் பம்பும் செய்யும் தொழிற்கூடம் அதற்கு முன்பே அங்கே இருந்தது. பட்டறைக்குப் பக்கத்தில் பாடம் நடந்தது.

கல்லூரி நடத்தும் பெரியவர்களிடம், நம் சமுதாயத்தின் அறக்கட்டளை நிர்வாகிகள் உட்பட, ஒன்று கேட்கிறோம். நூறு கட்டுரைக்குக் கெடு வைப்பதை விட்டுவிட்டு, உங்கள் ஊரின் ஒரே ஒரு பிரச்சினையை ஐந்தாண்டுக்கு ஒரு துறையிடம் ஒப்படையுங்கள். ஆசிரியரின் வகுப்புச் சுமையைக் குறையுங்கள். ஆய்வுக்கூடத்துக்கு ஆள் போடுங்கள். தரவரிசையில் பத்து இடம் இறங்கினால் இறங்கட்டும்.

பெற்றோர்களே! சேர்க்கைக்குப் போகும்போது விடுதிச் சாப்பாட்டை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இயந்திரத்தின் மேல் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இங்கே நடந்த ஆய்வை எந்தத் தொழிற்சாலை பயன்படுத்துகிறது என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். காப்புரிமை என்று சொன்னால் விண்ணப்ப எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், அது வழங்கப்பட்டதா, கிடப்பில் கிடக்கிறதா, கைவிடப்பட்டதா என்று கட்டணமில்லாமல் தெரிந்துவிடும்.